கல்லில் பெயர் இருக்கிறது, வாசியுங்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள், மற்றவர்களுக்கும் இதற்குள் செய்தி வந்து சேர்ந்திருக்கும். சிரியாவின் அலெப்போ நகரத்து ஃபிர்தவ்ஸ் மதரஸாவின் படத்தைத் திரையில் காட்டி, சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியின் மகனும் அலெப்போவின் மன்னருமான காஸி எழுப்பியது என்று பேச்சாளர் சொன்னார். நான் எழுந்து, அதை எழுப்பியவர் காஸியின் மனைவி ளைஃபா காத்தூன் என்றேன். "யார் பெயரில் இருந்தால் என்ன சகோதரி, பணம் அரண்மனைப் பணம்தானே" என்றார். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இரண்டு நாட்களாக என் காதை விட்டுப் போகவில்லை.

முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். காஸி இறந்தது 1216இல். மதரஸா எழுந்தது ஹிஜ்ரி 633இல், அதாவது 1235-36இல். கப்ரில் 19 ஆண்டுகளாகக் கிடக்கும் ஒருவர் எப்படி மதரஸா கட்டுவார்? இந்தக் கழித்தல் கணக்கைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒரு பெரிய கட்டடத்தைப் பார்த்ததும் அதற்கு ஓர் ஆணின் பெயரைத் தேடும் பழக்கம் நமக்கு ஊறிப்போய்விட்டதால், அந்த ஒரு நிமிடத்தைக்கூட யாரும் செலவிடவில்லை.

ளைஃபா காத்தூன் யாருடைய நிழலிலும் நின்றவர் அல்லர். சலாஹுத்தீனின் தம்பி மன்னர் ஆதிலின் மகள் அவர். அலெப்போவில் அவர் பிறந்தபோது வீட்டில் விருந்தாளி இருந்ததால், விருந்தாளி என்ற பொருளிலேயே அவருக்குப் பெயர் வைத்தார்கள் என்று அவர் காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு வாஸில் எழுதியிருக்கிறார். கணவர் போனார், 1236இல் மகன் அஸீஸும் போனார், அரியணைக்கு உரியவராக மிஞ்சிய பேரன் நாஸிர் யூசுஃபுக்கு அப்போது ஏழு வயதுதான். அன்றிலிருந்து 1242இல் தாம் இறக்கும்வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், அலெப்போவை ஆண்டவர் இந்தப் பாட்டிதான். அமைச்சர்களும் தளபதிகளும் கூடிப் பேசுவார்கள், ஆனால் அவருடைய ஒப்புதல் இல்லாமல் எதுவும் நடக்காது. அவர் வரிகளை நீக்கியதையும், ஏழைகளுக்கும் மார்க்க அறிஞர்களான ஆலிம்களுக்கும் வாரி வழங்கியதையும் இப்னு வாஸில் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆண் எழுத்தாளருக்கு அதில் எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

அந்தக் கட்டடத்தைப் படத்திலாவது நின்று பாருங்கள். நகரின் தெற்கே, மகாம் வாசலுக்கு வெளியே இருக்கிறது. முற்றத்தின் நடுவில் எண்கோண வடிவில் ஒரு குளம். மூன்று பக்கமும் தூண் வரிசை, ஒவ்வொரு தூணின் தலையிலும் தேன்கூடு போலச் செதுக்கிய வேலைப்பாடு, நான்காம் பக்கத்தில் திறந்த பெரிய வளைவு மண்டபம். தொழுகைக் கூடத்தில் கிப்லாவின் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபில் பல நிறச் சலவைக்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகின்றன. பாடசாலை, அடக்கத்தலம், சூஃபிகள் தங்கி வணங்கும் இடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். சுவரில் குர்ஆனின் ஸுக்ருஃப் சூராவின் வசனங்கள் ஓடுகின்றன: நீங்களும் உங்கள் துணைகளும் மகிழ்ந்தவர்களாகச் சுவனத்தில் நுழையுங்கள் என்ற வசனம் அதில் வருகிறது. ஃபிர்தவ்ஸ் என்றாலே சுவனம்தானே. கணவனையும் மனைவியையும் சேர்த்தே சுவனத்துக்கு அழைக்கும் வசனம் பொறித்த கட்டடத்திலிருந்து மனைவியை மட்டும் வெளியே அனுப்பிவிட்டோம்.

அங்கே கல்வெட்டும் இருக்கிறது. உயர்ந்த திரை, காக்கப்பட்ட ஹிஜாப் என்று மரியாதைச் சொற்களை அடுக்கிய பிறகு, அரசி ளைஃபா காத்தூன், ஆதிலின் மகள் என்று பெயரையும் தகப்பன் பெயரையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் வாழ்ந்தவரின் பெயரைத் திரைக்கு வெளியே கல்லில் வெட்டி வைத்தார்கள். நாம் வாசிக்கவில்லை.

இப்போது அரண்மனைப் பணம் என்ற வாதத்துக்கு வருகிறேன். சலாஹுத்தீன் கட்டிய எதைப் பற்றியாவது, அது குடிமக்களின் வரிப்பணம், ஆகவே அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று யாராவது பேசியதுண்டா? கணவன் மனைவிக்குத் தரும் திருமணக்கொடையான மஹரும் வாரிசுப் பங்கும் பெண்ணின் சொந்தச் சொத்து என்பது நம் மார்க்கச் சட்டம். தன் சொத்தை வக்ஃபு செய்ய அவளுக்குக் கணவனின் கையெழுத்து வேண்டியதில்லை. கடை, தோட்டம், ஆலை என எதன் வருமானத்தையும் நிரந்தரமாக ஒதுக்கி, அதிலிருந்து ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஓதுபவருக்கும் படி கொடுப்பதுதான் வக்ஃபு. உரிமையாளர் அல்லாதவர் செய்யும் வக்ஃபு செல்லாது. இதெல்லாம் மேடையில் இருந்தவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் வலிக்கிறது.

இது ஏதோ ஓர் அரசியின் விதிவிலக்கு என்றும் ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். டமாஸ்கஸில் சலாஹுத்தீனின் சகோதரி சித்துஷ் ஷாம் அமைத்த ஷாமிய்யா மதரஸாவில் அவருடைய சகோதரர், கணவர், மகன் ஆகியோரோடு அவரும் அடங்கியிருக்கிறார். இன்னொரு சகோதரி ரபீஆ காத்தூன், தம் குடும்பம் ஷாஃபி சட்டப்பள்ளியைச் சேர்ந்ததாக இருந்தும், காஸியூன் மலைச்சரிவில் இன்னொரு சட்டப்பள்ளியினரான ஹன்பலிகளுக்காக மதரஸா கட்டினார். ஒரே குடும்பத்தில் மூன்று பெண்கள். இன்னும் எத்தனை பேரைச் சொன்னால் விதிவிலக்கு என்ற சொல்லைக் கைவிடுவீர்கள்?

அங்கே படித்தவர்கள் ஆண்கள்தானே என்று ஒரு தோழி கேட்டார். உண்மைதான். ஆசிரியர் பதவியும் மாணவர் படியும் ஆண்களுக்கே போயின. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தனக்குக் கிடைக்காத இடத்தைப் பிறருக்குக் கட்டிக் கொடுத்தவளின் பெயரையும் எடுத்துவிட்டால், அவளுக்கு என்னதான் மிச்சம்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் உம்மம்மா தன் வாப்பாவிடமிருந்து பங்காக வந்த தென்னந்தோப்பை எங்கள் ஊர் மதரஸாவுக்கு எழுதிக் கொடுத்தார். சுவர் எழும்பியபோது பணம் போதவில்லை என்றதும் கையிலிருந்த காப்பையும் கழற்றிக் கொடுத்தார். ஒன்பது வயதில் நான் எழுத்துக்கூட்டி அந்த வாசல் கல்லை வாசித்தேன். அதில் என் அப்பாவின் பெயர் இருந்தது, அதாவது உம்மம்மாவின் மருமகன் பெயர். திறப்பு விழாவன்று ஊரில் இருந்த ஆண் அவர்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. ஏன் உம்மம்மா என்று கேட்டேன். "அல்லாஹ்வுக்குத் தெரியும் புள்ள" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று சொல்லும் உரிமை, தன்னுடையதைக் கொடுத்தவளுக்கு மட்டுமே உண்டு. அவள் பெயரை விட்டுவிட்டவர்கள் அதைச் சொல்லக் கூடாது.

கூட்டத்தின் காணொளி இன்று காலை வெளியாகியிருக்கிறது. அந்தப் படத்தின் கீழே இன்னமும் காஸியின் பெயர்தான் இருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்: ஃபிர்தவ்ஸ் மதரஸா, அலெப்போ, ஹிஜ்ரி 633, ஆதிலின் மகள் ளைஃபா காத்தூன் எழுப்பியது. திருத்தும்வரை உங்கள் அரங்கத்தில் என் நாற்காலி காலியாகவே இருக்கும்.