வீட்டில் தமிழே பேசுங்கள், இங்கிலீஷ் வரும்

"வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசிப் பழக்குங்க." எல்.கே.ஜி. சேர்க்கும்போதே நம் மதுரையில் பல பெற்றோருக்குச் சொல்லி அனுப்பப்படும் அறிவுரை இது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

பத்தாவது வரை தமிழில் படித்த அம்மா, கீழமாசி வீதிக் கடையில் வேலை முடித்து ராத்திரி வரும் அப்பா. இருவரும் ஊர்க்கதை எல்லாம் ரசித்துப் பேசக்கூடியவர்கள். பிள்ளையிடம் மட்டும் "கம், ஈட், சிட்" என்று நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு என்ற பேச்சே அந்த வீட்டில் இல்லாமல் போகிறது. பிள்ளைக்கு மொழி வளர்வதே அந்தப் பேச்சில்தான்.

கனடாவில் இதை ஆராய்ந்தவர் ஜிம் கம்மின்ஸ். அன்றாடம் பேசும் மொழி வேறு, பாடம் படிக்கும் மொழி வேறு என்று 1979-லேயே பிரித்துக் காட்டினார். அங்கே குடியேறிய பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் சுமார் 2 ஆண்டில் வந்துவிடுகிறது. பாட ஆங்கிலத்தில் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆகிறது. தெருவெல்லாம் ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே இப்படி என்றால், பள்ளி வேனை விட்டு இறங்கியதும் ஆங்கிலம் முடிந்துபோகும் செல்லூர்ப் பிள்ளைக்கு?

"மே ஐ கம் இன் மிஸ்" என்று அழகாகச் சொல்லும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை, கணக்கில் "ஹவ் மெனி மோர்" (எத்தனை அதிகம்) என்று வந்தால் கழிக்காமல் கூட்டிவிடும். உடனே கணக்கு வரவில்லை என்று டியூஷனுக்கு அனுப்புகிறோம். அதே கணக்கைத் தமிழில் கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடும். தமிழில் புரிந்த விஷயத்துக்கு ஆங்கில வார்த்தை மட்டும் சேர்ந்தால் போதும். இரண்டிலும் புரியாவிட்டால் மனப்பாடம்தான்.

இரண்டு மொழியில் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். திருமலை நாயக்கர் மகால் பக்கம் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்வதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

புது மொழிக்குள் வரும் சில பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதட்டாதீர்கள். "ஐ கோட் டு டெம்பிள்" என்றால் "தப்பு" என்று வெட்டாமல், "ஓ, யூ வென்ட் டு த டெம்பிள்?" என்று சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள், குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு கதையை வாசித்து, தமிழில் அதைப் பற்றி நிறையப் பேசுங்கள்.

தமிழ் பேசினால் ஃபைன் போடும் பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: புரியாததைப் பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு ஏன் தண்டனை?