1891இல் மேரி கசாட் செய்தது

அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டைத் 'தாயும் சேயும் வரைந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வழியில் சென்று ஒளியை வரைந்த இம்ப்ரஷனிஸ்டுகளில் தொடங்கி, ஐரோப்பியப் புது ஓவியங்களை அமெரிக்கர்களுக்குக் காட்டிய 1913 நியூயார்க் ஆர்மரி கண்காட்சிக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். செசான், வான்கோ ஆகியோரின் படங்கள் அங்கே வந்த பிறகுதான் அமெரிக்கர்களுக்குக் கண் திறந்ததாம். பென்சில்வேனியாவில் பிறந்த இந்தப் பெண் 1891இல் பாரிஸில் என்ன செய்தார் என்பதை யார் சொல்கிறார்கள்?

அந்த ஆண்டு அவர் பத்து வண்ண அச்சோவியங்களைக் காட்சிக்கு வைத்தார். முந்தைய ஆண்டு பாரிஸில் பார்த்த ஜப்பானிய அச்சுப் படங்கள் அவரை ஆட்டிப்படைத்திருந்தன. ஆனால் ஜப்பானியரைப் போல அவர் மரக்கட்டையைச் செதுக்கவில்லை. செப்புத் தகட்டில் ஊசியால் கோடு கீறி, அமிலம் அரித்த பரப்பில் வண்ண மையைக் கையால் பூசி அச்சிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் 25 பிரதிகள்.

அவற்றில் 'கடிதம்' என்ற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசையருகே ஒரு பெண் கடித உறையை உதட்டில் வைத்திருக்கிறாள். நீல உடையெங்கும் இலைகள், பின்சுவரெங்கும் பூக்கள். உடையின் மடிப்புகளில் நிழலே இல்லை. காலையா மாலையா என்று சொல்ல முடியாது. அந்தந்த நேரத்து ஒளியைப் பிடிப்பதுதானே இம்ப்ரஷனிசத்தின் உயிர்? அதையே விட்டுவிட்டு, கோட்டையும் தட்டையான நிறத்தையும் மட்டும் நம்பியிருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் கோகனும் அதே காலத்தில் ஜப்பானிய அச்சுகளிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார். அவருக்குப் போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட், அதாவது இம்ப்ரஷனிசத்துக்கு அடுத்த கட்டத்துக்குப் போனவர் என்ற பட்டம் கிடைத்தது. கசாட்டுக்குத் தாய்மைப் பட்டம்தான்.

1877இல் அமெரிக்க ஓவியர் ஆல்டன் வியர் பாரிஸில் இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சியைப் பார்த்து அருவருத்துப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில்தான் ஓவியர் டெகா அழைக்க, கசாட் இம்ப்ரஷனிஸ்டுகளின் குழுவில் சேரச் சம்மதித்தார். பின்னர் வியரும் மனம் மாறி இம்ப்ரஷனிசத்தின் பக்கம் வந்து, 1897இல் ஹாசம், ட்வாக்ட்மன் ஆகியோருடன் 'பத்து அமெரிக்க ஓவியர்கள்' குழுவைத் தொடங்கினார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கசாட் இம்ப்ரஷனிசத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

பிற்காலத்தில் நவீன ஓவியர் மத்தீஸைக் கசாட்டுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். அதனால் 1891இல் அவர் கை செய்தது இல்லாமல் போய்விடுமா?

சிகாகோவில் இருக்கும் 1893ஆம் ஆண்டு எண்ணெய் ஓவியம் 'குழந்தையின் குளியல்'. அச்சுத் தகட்டில் கற்றது அதில் அப்படியே வந்திருக்கிறது. நாம் மேலிருந்து பார்க்கிறோம். தாயின் உடையில் பட்டை பட்டையாகக் கோடுகள், கீழே கம்பளத்தின் வேலைப்பாடு. குழந்தை ஒரு கையைத் தாயின் முழங்காலில் ஊன்றியிருக்கிறது. இருவரும் குனிந்து, தண்ணீரில் இருக்கும் அந்தச் சின்னப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.