வேலைக்கான படிவமும் மனநோய் பற்றிய கேள்வியும்

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி எனக்கு உள்பெட்டியில் அடிக்கடி வருகிறது. பைபோலார் நோய்க்கு (மனநிலை எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) நீண்ட காலமாக மருந்து எடுத்துக்கொண்டே கோயம்புத்தூரில் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள் என்று நான் இங்கே முன்பே எழுதியிருப்பதால், கேட்பவர்கள் என்னிடம் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் பதில் எதிர்பார்க்கிறார்கள். என் பதில் இதுதான்: வேலை உறுதியாகும் வரை நாமாகச் சொல்லத் தேவையில்லை, உறுதியான பிறகு, நோயின் பெயரைச் சொல்லாமல், வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு நமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் கேட்க வேண்டும். ஆனால் இந்தப் பதிலின்படி நடக்க விடாமல் நம் ஆட்சேர்ப்பு முறை எங்கெங்கே குறுக்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், கேட்டவருக்கு அது உதவாது. அதனால்தான் பதிவு நீள்கிறது.

ரெஸ்யூமில் விழுந்திருக்கும் இடைவெளியிலிருந்து தொடங்குகிறேன். நோய் தீவிரமாக இருந்த காலத்தில் வேலையை விட்டவர்களுக்கு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஓர் இடைவெளி இருக்கும். நேர்காணலில் முதல் சில கேள்விகளுக்குள் அது வந்துவிடும். பெண்களுக்கு இதில் ஒரு விசித்திரமான வசதி உண்டு. ‘மேரேஜ், ஃபேமிலின்னு பிரேக் எடுத்தீங்களா மேடம்?’ என்று ஹெச்.ஆர். அவரே கேட்டு, அவரே குறித்துக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பெண் என்றால் என்றைக்காவது வேலையை விடத்தான் செய்வாள் என்ற அதே எண்ணம் சம்பளம் பேசும்போது நமக்கு எதிராகத் திரும்பும் என்பது வேறு விஷயம். ஆண்களுக்கு இந்த வசதிகூடக் கிடையாது. முப்பது வயது ஆண் ஒன்றரை ஆண்டு வீட்டில் இருந்தான் என்றால் குடியா, போலீஸ் வழக்கா, பழைய கம்பெனியில் பணத்தில் கை வைத்துவிட்டானா என்றுதான் எதிரில் இருப்பவரின் மனம் ஓடும். கணக்குத் துறையில் அந்தக் கடைசிச் சந்தேகம் ஒன்றே போதும், பிறகு அழைப்பு வராது. ‘உடல்நலக் காரணத்தால் ஓய்வில் இருந்தேன், இப்போது மருத்துவரின் ஒப்புதலோடு வேலைக்குத் திரும்புகிறேன்’ என்ற ஒரு வரி போதும் என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. அதற்கு மேல் விளக்கப் போனால், கேட்பவரின் ஆர்வத்துக்கு நாம் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, வேலை தேடும் காலத்தை உடம்பு தாங்குவது. மன உறுதி, தன்னம்பிக்கை என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில் எதுவும் எனக்கு உதவியதில்லை. உதவியவை எல்லாம் கடிகாரம் சார்ந்தவை. இரவில் தூக்கம் வரவைக்கும் க்வெட்டியாபின் மாத்திரை போட்டுக்கொள்பவருக்குக் காலை ஒன்பது மணி நேர்காணல் என்பது பாதித் தூக்கத்தில் போய் உட்காருவதுதான். ‘பதினொன்றரை மணிக்கு வரலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் காரணம்கூடக் கேட்காமல் மாற்றித் தருகின்றன. கேட்கத் தயங்குவது நாம்தான். பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு விரல்கள் லேசாக நடுங்கும், பதற்றத்தில் அது கூடும். எனவே நேர்காணலில் நீட்டும் காபியை மேசையில் வைத்துவிட்டுப் பேசுவது, கொண்டுபோகும் தாள்களைக் கையில் பிடித்திருக்காமல் ஃபைலோடு மேசையில் விரிப்பது போன்றவை சின்ன விஷயங்களாகத் தோன்றினாலும், ‘இவங்க ரொம்ப நெர்வஸ்’ என்ற குறிப்பைத் தவிர்க்கின்றன. தாகமும் அதிகம் இருக்கும் என்பதால் தண்ணீர் பாட்டிலை நாமே கொண்டுபோவது நல்லது.

பைபோலார் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக் கட்டத்தில் ஒரு படிவத்தை நிரப்புவதற்குள் அந்த நாள் போய்விடும். வரும் ஒவ்வொரு மறுப்பும் நம்மைப் பற்றி நாமே ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பதற்குச் சான்றாகத் தெரியும். எழுச்சிக் கட்டத்திலோ, நள்ளிரவு இரண்டு மணிக்கு துபாய் நிறுவனத்தின் நிதி மேலாளர் பதவிக்கு எழுதுவதுகூட முற்றிலும் நியாயமாகப் படும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரே விதிதான்: இரவு ஒன்பது மணிக்கு மேல் எழுதிய விண்ணப்பம் எதுவும் அன்றைக்குப் போகக் கூடாது, டிராஃப்டில் கிடக்க வேண்டும், காலையில் தங்கையும் ஒருமுறை படித்த பிறகே போகும். டிராஃப்டுகளின் எண்ணிக்கை திடீரென்று ஏறுவதைத்தான் என் மருத்துவர் மற்ற எந்த அறிகுறியையும்விட முக்கியமானதாக எடுத்துக்கொள்கிறார். வேலை தேடுவது நோயைத் தூண்டவும் செய்கிறது, காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது, ஆனால் வேலைவாய்ப்புக்கான மூன்று சதவீத ஒதுக்கீட்டில் அதற்கு இடம் தரவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் ஏழு வகைகளை 21 ஆக விரித்து, அரசு வேலைகளில் ஒதுக்கீட்டை நான்கு சதவீதமாக்கி, அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சதவீதத்தின் வாசலில் நிற்பதற்கே 40 சதவீதம் பாதிப்பு என்ற சான்றிதழ் வேண்டும்.

மனநோயின் பாதிப்பை ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள். தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். பாதிப்பு கூடக் கூட மதிப்பெண் கூடும். நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை உண்டு. மொத்தம் இருபதில் ஏழு எடுத்தால் 40 சதவீதம். பத்து ஆண்டுகளுக்கு மேல் நோயோடு இருந்து, மாத்திரையைத் தவறாமல் போட்டு, தூக்கத்தைக் காப்பாற்றி, ஓரளவு வேலையும் செய்துகொண்டிருக்கும் ஒருவருக்குக் கால அளவுக்காக நான்கும் மற்றவற்றுக்காக ஒன்றோ இரண்டோ கிடைத்து, ஆறோடு நின்றுவிடுவது எளிதில் நடக்கக்கூடியது. சிகிச்சை பலன் தந்ததால் ஒதுக்கீடு கைநழுவுகிறது. அந்த வரம்பை எட்டியவருக்கோ வேறு சங்கடம்: மருத்துவர் குழுவின் முன்னால் ‘என்னால் வேலை செய்ய முடிவதில்லை’ என்று நிறுவிப் பெற்ற சான்றிதழை அதே ஃபைலில் வைத்துக்கொண்டு, தேர்வுக் குழுவின் முன்னால் ‘என்னால் வேலை செய்ய முடியும்’ என்று நிறுவ வேண்டும். கை, கால், கண் பாதிப்புகளில் உறுப்பை அளக்கிறார்கள்; எங்கள் விஷயத்தில் வேலை செய்யும் திறனையே அளந்துவிட்டு, அந்தக் குறைந்த திறனை வேலைக்கான தகுதிச் சான்றாக ஆக்கியிருக்கிறார்கள். இதை வகுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. உதவித்தொகை போன்ற தேவைகளுக்குப் பொருந்தும் ஓர் அளவுகோல், வேலைவாய்ப்புக்கு எடுத்து வரும்போது முரண்படுகிறது.

ஏற்கெனவே வேலையில் இருக்கும்போது நோய்வாய்ப்பட்டவருக்குச் சட்டம் இதைவிட உறுதியாகத் துணை நிற்கிறது. அரசுப் பணியில் இருக்கும்போது பாதிப்பு ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் பணியாற்றிய ரவீந்தர் குமார் தாரிவாலின் வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைத் தெளிவாக்கியது: ஒருவர்மீது எடுத்த நடவடிக்கைக்கு அவருடைய மனநலப் பாதிப்பே ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே அவர் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரலாம். வேலைக்குள் வந்துவிட்டவரின் நிலை இது. வாசலுக்கு வெளியே, தனியார் நிறுவனம் ஒன்றின் வரவேற்பறையில் படிவத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கோ அந்த 20ஆம் பிரிவே கிடையாது, ஏனென்றால் அது அரசு நிறுவனங்களை மட்டும் கட்டுப்படுத்துவது. தனியாருக்கும் பொருந்துவது அடுத்து வரும் 21ஆம் பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், முடிந்தவரை தன் இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது சட்டமும் அதன் விதிகளும். விண்ணப்பிக்கும் முன் நான் அதைத் தேடிப் பார்ப்பது வழக்கம். எங்கள் ஊர் நடுத்தர நிறுவனங்களின் தளங்களில் தீபாவளி வாழ்த்துப் படம் ஆண்டு முழுவதும் இருக்கும், இந்தக் கொள்கை இருப்பதில்லை.

வரவேற்பறையில் கொடுக்கும் படிவம் என்றேன். நான் பார்த்த ஒன்றில் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் தனித்தனி வரிகள் இருந்தன. பக்கத்தில் ‘கட்டுப்பாட்டில் உள்ளதா?’ என்ற கட்டமும் இருந்தது. அதற்குக் கீழே ஒரே வரியில் ‘வலிப்பு, நரம்புத் தளர்ச்சி, மனநோய், போதைப் பழக்கம்: உண்டு / இல்லை’ என்று மட்டும் இருந்தது. கட்டுப்பாட்டில் உள்ளதா என்று கேட்க அங்கே இடமில்லை. ‘உண்டு’ என்று டிக் அடித்தால் அந்த நால்வகையில் எது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இருக்காது. ‘இல்லை’ என்று அடித்தால் பிற்காலத்தில் தகவலை மறைத்தார் என்று சொல்லி அனுப்புவதற்கு நாமே கையெழுத்திட்ட தாள் அவர்களிடம் இருக்கும். இந்த இடத்தில் என் பதில் மற்றவர்களின் பதிலோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்: நான் பொய்யாக டிக் அடிப்பதில்லை. அந்த வரியை நிரப்பாமல் விட்டு, ‘பணி நியமனத்துக்குப் பின் மருத்துவரின் தகுதிச் சான்று தரப்படும்’ என்று ஓரத்தில் எழுதுகிறேன். சில இடங்களில் அதோடு கதை முடிந்துபோகும். சில இடங்களில் யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை.

ஒவ்வொரு விண்ணப்பதாரரும் இப்படி ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லாமல், அந்தக் கேள்வியையே சட்டம் தடுக்கலாம். இது நடக்காத காரியமல்ல. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், வேலை தருவதாகச் சொல்லும் முன் விண்ணப்பதாரரின் உடல்நலம் பற்றிக் கேட்பதை, சில விலக்குகளோடு தடை செய்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், இந்தியாவிலேயே 2017இல் இயற்றிய எச்.ஐ.வி. சட்டம், அந்தப் பரிசோதனையை வேலைக்கு முன்நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது. அதே 2017இல்தான் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தது. சிகிச்சை பெறும் உரிமை, தகவல் இரகசியம், காப்பீட்டில் உடல்நோய்க்குச் சமமான இடம் என்று பல நல்ல விஷயங்களைச் செய்த அந்தச் சட்டத்தில், வேலைப் படிவத்தின் இந்தக் கேள்விக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

முதலாளிகளின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்து ஓட்டுபவருக்கும் உயரத்தில் கிரேன் இயக்குபவருக்கும் அந்த வேலைக்கான உடல், மனத் தகுதியைப் பார்க்கத்தான் வேண்டும். வேலை உறுதியான பிறகு, அந்த வேலைக்குத் தொடர்புடைய அளவில் பார்க்கட்டும். பதினைந்து பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனத்தின் உரிமையாளர் ‘இவர் திடீரென்று படுத்துவிட்டால் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. யார் போடுவது?’ என்று கவலைப்படுவதும் இயல்பே. ஆனால் டெங்கு வந்தாலும் அதே கேள்விதான். போர்ட்டலின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கும் அலுவலகத்தில் யார் படுத்தாலும் ஆபத்துதான்.

நான் இப்போது இருக்கும் இடத்தில் பணி நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு இரண்டு விஷயங்களை மின்னஞ்சலில் கேட்டேன். மருத்துவ ஆலோசனையின்படி இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலகத்தில் இருக்க முடியாது என்பது ஒன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை, ஒரு காலை நேரம் பரிசோதனைக்காக வேண்டும் என்பது மற்றொன்று. முந்தைய இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் லித்தியம் அளவுக்கு இரத்தம் எடுக்க முடியும் என்பதால் காலை நேரம் என்று கேட்டேனே தவிர, மாத்திரையின் பெயரை எழுதவில்லை. மேலாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: ‘எல்லாம் சரி, இருபதாம் தேதி மட்டும் என்ன பண்ணுவீங்க?’ பதினான்காம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-2பி (சப்ளையர்கள் பதிவேற்றிய பில்களின் பட்டியல்) வந்த அன்றே கொள்முதல் பில்களை ஒப்பிடத் தொடங்கிவிட்டால், வராத பில்களுக்கு சப்ளையர்களிடம் பேச நாலைந்து நாள் கிடைக்கும், பத்தொன்பதாம் தேதி மாலைக்குள் மாதாந்தர வரி அறிக்கையான 3பி தயாராகிவிடும் என்றேன். முன்பு அங்கே இருபதாம் தேதி இரவு பதினொரு மணி வரை எல்லோரும் உட்கார்ந்திருப்பார்களாம். தூக்கம் கெட்டால் எனக்கு நோய் திரும்பும் என்பதற்காகக் கேட்ட ஏற்பாடு, இப்போது எங்கள் பிரிவு முழுவதற்குமான நடைமுறையாக இருக்கிறது. காரணம் அவர்களுக்குத் தெரியாது.

விண்ணப்பிக்கத் தொடங்கியிருப்பவர்கள் உங்கள் மருத்துவரிடம் இப்போதே ஒரு கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள். ‘இவர் பணிக்குத் தகுதியானவர்; இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும்’ என்பது போல, உங்களுக்குத் தேவையான ஏற்பாட்டை மட்டும் குறிப்பிட்டால் போதும், நோயின் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் சிகிச்சைத் தகவல்களுக்கு இரகசியம் கோரும் உரிமையைத் தருகிறது. எனவே கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு ஹெச்.ஆர். அழைத்துக் கேட்டாலும், உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவமனை எதையும் சொல்லக் கூடாது. கடிதத்தில் தேதி, மருத்துவரின் பதிவு எண், முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று வெளியே வரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு.