விற்க வந்தது வெண்டைக்காயை, முகத்தை அல்ல

செவ்வாய்ச் சந்தை அம்மாவின் காணொளியை எனக்கு அனுப்பியவர்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். "திமிர் பிடித்த வியாபாரி" என்ற தலைப்போடு சுற்றும் அந்தக் காட்சியில் அவர் கத்துவது மட்டுமே இருக்கிறது. இரண்டு கடை தள்ளித் தக்காளி வாங்கிக்கொண்டிருந்த நான் அதற்கு முன் நடந்ததையும் பார்த்தேன். அதைப் படம் பிடித்த இளைஞர் அந்த அம்மாவின் வெண்டைக்காய்க் குவியலுக்குள் கையை விட்டு, காய் காயாக நுனியை ஒடித்துப் பார்த்துத் தட்டை நிரப்பிவிட்டு, கடைசியில் விலை கட்டாது என்று அத்தனையையும் திரும்பக் கொட்டிவிட்டு எழுந்தார். அந்த அம்மா சத்தம் போட்ட பிறகுதான் கைப்பேசி வெளியே வந்தது.

வாங்குபவர் பார்த்து எடுக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கலாம், தேங்காயைத் தட்டிப் பார்க்கலாம், பேரம் பேசலாம், கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் எந்தக் கடைக்காரரும் கோபப்படுவதில்லை. ஆனால், ஒடித்தால் வாங்க வேண்டும் என்பதும் அதே சந்தையின் வழக்கம்தான். நுனி ஒடிந்த காய் கறுத்துவிடும்; அடுத்து வருபவர் அதை ஒதுக்கிவிடுவார்.

என் அத்தை இதே சந்தையில் பல ஆண்டுகள் கடை விரித்தவர். சந்தை நாள் இரவில் எங்கள் வீட்டில் வெண்டைக்காய்க் குழம்பு வைத்தால், பிறர் ஒடித்துப் போட்ட காய் அன்று மிஞ்சிவிட்டது என்று பொருள். வட்டிக்கு வாங்கிய பணத்தில் மண்டியில் சரக்கெடுத்து, சுங்கம் கட்டி, விளக்கு வாடகையும் கொடுத்து, கூட்டம் கலைவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டியவருடைய கோபம் அது. அத்தையும் கத்தியிருக்கிறார். ஆனால், அந்தச் சண்டை சந்தையோடு முடிந்தது. திட்டு வாங்கியவரே அடுத்த வாரம் அவரிடம் காய் வாங்கினார்.

பொது இடத்தில் யாரும் படம் எடுக்கலாம் என்று சட்டம் பேசுபவர்கள், தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014ஆம் ஆண்டு வந்த சட்டத்தையும் படியுங்கள். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடம் வியாபாரிகளுக்கு என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் அது சொல்கிறது. தம் சந்தையைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் இடம் பெறத் தகுதியுள்ளவர் என்று சட்டம் கருதும் ஒருவரை, அனுமதி கேட்காமல் ஊர் சிரிக்கப் படம் பிடிக்க உங்களுக்கு உரிமை எங்கிருந்து வந்தது? அவர் சாக்கில் பரப்பி வைத்தது காயை மட்டும்தான். தம் முகத்தையும் சேர்த்து விற்க அவர் வரவில்லை.

எடையில் ஏமாற்றுகிறார்களே என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். ஐயம் இருந்தால் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுங்கள். அன்று காய் தராசில் ஏறவே இல்லை.

பின்னூட்டங்களில் அந்த அம்மாவின் சேலையையும் பல்லையும் பற்றி எழுதியவர்களில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்களும் இருப்பது எனக்கு வலிக்கிறது. அவருடைய பேத்தியின் பள்ளித் தோழிகள் வரை அந்தக் காணொளி போய்விட்டது. நீக்குங்கள் என்று கேட்டால், "முதலில் அந்த அம்மா மன்னிப்புக் கேட்கட்டும்" என்கிறார் ஒருவர். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அந்த அம்மாதான் என்று உண்மையிலேயே நம்பினால், வரும் செவ்வாய்க்கிழமை கைப்பேசியை எடுக்காமல் போய் அதை அவரிடமே நேரில் சொல்லுங்கள். நானும் உடன் வருகிறேன்.