லூட்டை ஓட்டினா எல்லாம் சரியாயிடுமா?

ஸ்கைரிம் கேம்ல மாட் (ரசிகர்கள் செஞ்ச கூடுதல் சேர்ப்பு) போட்டேன், ஏதோ கோளாறுன்னு யாராவது கேட்டா போதும். “லூட்டை ஓட்டு, சரியாயிடும்”னு உடனே நாலு பேர் கிளம்பி வந்துடுறாங்க. எத்தனை வருஷமாய்யா இதையே சொல்லுவீங்க? லூட்ங்கிற டூல் அடுக்குறது பிளகின்களை (மாடோட மாற்றங்களைப் பதிவா வெச்சிருக்கிற ஃபைல்களை) மட்டும்தான். எந்த மாடோட டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்), மெஷ் (3டி உருவம்) ஜெயிக்கணுங்கிறது அது கையிலயே இல்ல!

முகம் மட்டும் கரி பூசின மாதிரி இருக்கும், கழுத்துக்குக் கீழ நிறம் ஒழுங்கா இருக்கும். பார்த்திருப்பீங்க. அந்த ஆளோட பிளகின் பதிவு ஒரு மாட்ல இருந்தும், முக மெஷ் இன்னொரு மாட்ல இருந்தும் வருது. ரெண்டும் ஒட்டாது. இதுக்குப் போய் லூட்டை நூறு தடவை ஓட்டினாலும் என்ன ஆகப் போகுது? மாட்களை நிர்வகிக்கிற மாட் ஆர்கனைசர் 2-ல இடது பக்கப் பட்டியல் ஃபைல்களுக்கு, வலது பக்கம் பிளகின்களுக்கு. கீழ இருக்கிறதுதான் ஜெயிக்கும், அதனால ரெண்டுலயும் ஒரே மாட்தான் கீழ இருக்கணும். அதுலயும் ஒரு சிக்கல்: பிஎஸ்ஏ-ங்கிற மூட்டை ஃபைலுக்குள்ள இருக்கிற ஃபைலை, வெளியில தனியா கிடக்கிற ஃபைல் எப்பவுமே அடிச்சிடும். வரிசையை மாத்தியும் முகம் கருப்பாவே இருந்தா, தோற்கவேண்டிய மாடோட கான்ஃப்ளிக்ட்ஸ் டேப்ல போய் அந்த முக ஃபைலை ஹைட் பண்ணணும். பிளகின் மோதலை எஸ்எஸ்ஈ எடிட்ங்கிற டூல்ல திறந்து பாருங்க, வலது ஓரத்துல இருக்கிறதுதான் ஜெயிக்குது. இதைச் சொல்லிக் கொடுக்க மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது.

கேமோட டேட்டா ஃபோல்டர்லயே நேரா அன்ஜிப் பண்ணச் சொல்ற வழிகாட்டிகளைப் பார்த்தா இன்னும் பத்திக்கிட்டு வருது. எந்த ஃபைல் எந்த மாடோடதுன்னு அப்புறம் யார் பிரிக்கிறது? வார்டெக்ஸ்ங்கிற இன்னொரு மாட் மேனேஜர் வேணும்னா தாராளமா வெச்சுக்கோங்க. அது ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்கு ரெண்டாவது பேர்) போடுறதால, மாட்களை வெச்சிருக்கிற ஸ்டேஜிங் ஃபோல்டர் கேம் இருக்கிற டிரைவ்லயே இருக்கணும்னாவது சொல்லித் தொலைங்க!

முழு பிளகின் 254 தாண்டக்கூடாது. லைட் பிளகின்களுக்குத் தனி இடம், 4096 வரை போகலாம். கேமோட ஸ்கிரிப்ட் திறனைக் கூட்டுற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் கேமோட வெர்ஷனுக்கு அச்சு அசலா பொருந்தணும். 2021 நவம்பர் அப்டேட்ல அதை நம்பி ஓடுற டிஎல்எல் மாட்கள் அத்தனையும் படுத்தது மறந்துபோச்சா? பாதி ஆட்டத்துல ஸ்கிரிப்ட் மாடைத் தூக்கச் சொல்றது அதைவிடக் கொடுமை. அதோட ஸ்கிரிப்ட் சேவ் ஃபைலுக்குள்ளயே தங்கிடும், வரிசையை எப்படி மாத்தினாலும் போகாது.

கிராஷ்னு ஒருத்தர் வந்தா கிராஷ் லாக், கேம் வெர்ஷன், ரெண்டு பட்டியல் — இந்த மூணையும் முதல்ல கேளுங்க. கேட்கத் தெரியலன்னா பதில் போடாதீங்க.