அடுத்தவர் பேட்டர்னைப் பின்னினால் என்ன குறைச்சல்?

கையால் பின்னிய ஸ்வெட்டர் படம் ஒன்றைப் போட்டால் போதும், "நீங்களே டிசைன் பண்ணினதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். வேறொருவர் எழுதிய பேட்டர்ன் (எப்படிப் பின்னுவது என்ற குறிப்பு) என்று சொன்னதும் "ஓ, அப்படியா" என்று சுருதி இறங்கிவிடும். (கோவையில் இருப்பதால் கூடுதலாக ஒன்று: "திருப்பூர்ல இதெல்லாம் கிலோ கணக்குல கிடைக்குமே!" அதற்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.)

நான் சொந்தமாக பேட்டர்ன் எழுதுகிறவள்தான். ஆனாலும் என் ஊசியில் பாதி நேரம் இருப்பது அடுத்தவர் டிசைன். கச்சேரியில் தியாகராஜர் கீர்த்தனை பாடுகிறவரிடம் "சொந்தமா எப்ப பாடுவீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. பின்னலுக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை?

பேட்டர்னை வாசிப்பது வேறு, பின்னிப் பார்ப்பது வேறு. பின்னல் டிசைனர் எலிசபெத் ஸிம்மர்மன் 1968இல் உருவாக்கிய பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வரிசையும் நிட் என்கிற அடிப்படைப் பின்னல்தான். குறிப்பிட்ட இரண்டு இடங்களில் கண்ணிகளை (ஊசியில் நிற்கும் வளையங்களை) குறைத்துக்கொண்டே போய், பிறகு கூட்டிக்கொண்டே வர வேண்டும். முடிக்கும்போது கையில் இருப்பது கோணல்மாணலான ஒரு துண்டு. அதைச் சரியாக மடித்து, தோளில் இரண்டு தையல் போட்டால் குழந்தைச் சட்டை! முதல்முறை பின்னும்போது மடிக்கும் வரைக்கும் எனக்கு நம்பிக்கையே இல்லை. மூலை எப்படித் திரும்புகிறது என்பதை அதன்பின் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஸ்வெட்டருக்கு அவர் கொடுத்த சதவீதக் கணக்கும் அப்படித்தான். உடல் சுற்றளவுக்கு 200 கண்ணி என்றால் மணிக்கட்டுக்கு அதில் 20 சதவீதம், 40 கண்ணி. கழுத்துக்கு 40 சதவீதம், 80 கண்ணி. என் முதல் டிசைன் இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. அவரே, தான் கண்டதை எங்கோ யாரோ முன்பே பின்னியிருப்பார்கள் என்று எண்ணியவர்தான்.

அப்புறம், நம் ஊரில் பேட்டர்னை அப்படியே பின்னுவது நடக்கிற காரியமா? பெரும்பாலான ஸ்வெட்டர் பேட்டர்ன்கள் குளிர்நாட்டில், கம்பளி நூலுக்கு எழுதப்பட்டவை. கோவை வெயிலுக்கு நாம் எடுப்பது பருத்தி. கம்பளி இழுத்தால் திரும்பி வரும். பருத்திக்கு அந்தச் சுபாவம் கிடையாது. கனமும் அதிகம். பின்னி முடித்தபோது இடுப்பில் நின்ற சட்டை, நாலு தடவை உடுத்தியதும் தொடையைத் தொடும். ஓரங்களில் இழுத்துப் பிடிப்பதற்காகப் பின்னும் ரிப் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் ஊசியை ஒரு அளவு குறைத்து, நீளத்தைக் குறைத்து, ரிப்பில் கண்ணியைக் குறைத்து என்று எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கேஜில், அதாவது இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை கண்ணி என்ற கணக்கில், சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்ற இடத்தில் 22 விழுந்தால், 96 சென்டிமீட்டர் வர வேண்டிய உடம்பு 87இல் நின்றுவிடும். இத்தனையும் செய்கிறவரைப் பார்த்து "காப்பிதானே" என்பவர்கள் ஒரு மாதிரித் துண்டாவது பின்னிப் பார்க்கட்டும்.

ஆனால் இப்படி அடுத்தவரிடம் வாங்கும் கடனுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. நிட், பர்ல், கேபிள், சாக்ஸின் குதிகால் திருப்பம் போன்ற பின்னல் முறைகள் எல்லாம் பொதுச்சொத்து. ஒருவர் உட்கார்ந்து எழுதிய குறிப்பும் கண்ணிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த சார்ட்டும் அப்படியல்ல. ஒரு வாட்ஸப் குழுவில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பேட்டர்னின் பிடிஎஃப்பை "ஷேரிங் இஸ் கேரிங்" என்று போட்டார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். ஒரு சட்டையை எட்டு அளவுக்கு எழுதுவது என்றால் எட்டு உடம்புக்கும் தனித்தனியாகக் கைக்குழி, தோள், கழுத்து கணக்கிட வேண்டும். அளவு கூடக்கூட எல்லாம் ஒரே விகிதத்தில் பெருகாது. மார்பு பெருக்கும் அளவுக்குத் தோள் அகலமாவதில்லை. அந்த உழைப்புக்கு ஒரு சாப்பாட்டுக் காசு கொடுக்க நமக்கு வலிக்கிறது.

நான் வைத்திருக்கும் ஒரே கட்டுப்பாடு: யோக் (ஸ்வெட்டரில் கழுத்தைச் சுற்றிய தோள் பகுதி) டிசைன் செய்யும்போது அடுத்தவர் யோக்கைப் பின்னுவதில்லை. அவர் கண்ணி குறைக்கும் தாளம் எனக்கே தெரியாமல் என் சார்ட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அப்போது சாக்ஸ் பின்னுவேன். அளவுக் கணக்கு முழுக்க மேசை வேலை; கைக்கும் ஏதாவது வேண்டுமே. யாரோ யோசித்து வைத்த குதிகாலை வரிவரியாகச் சொன்னபடி கேட்டுப் பின்னுவது பெரிய சுகம்.

இப்போதும் அதுதான் நிலைமை. என் பருத்தி கார்டிகன் பெரிய அளவுகளின் கைக்குழியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கணக்கு முடிந்ததும் டெஸ்ட் நிட் செய்ய, அதாவது வெளியிடும் முன் பேட்டர்னைப் பின்னிச் சரிபார்க்க, ஆள் வேண்டும். மார்பு 110 சென்டிமீட்டருக்கு மேல் பின்னத் தயாராக இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பேட்டர்ன் இலவசம், நூல் உங்களுடையது, திட்டும் உரிமையும் உண்டு.