மில் வளாகத்தில் ஒலித்த இசை

மும்பை லோயர் பரேலில் இருந்த ப்ளூ ஃப்ராக் என்ற நேரடி இசை அரங்கு குறித்து நான் படித்த கட்டுரை, 2007இல் அது தொடங்கியதையும் 2016இல் மூடப்பட்டதையும் விரிவாகச் சொல்லிவிட்டு, அது அமைந்திருந்த மதுராதாஸ் மில் வளாகத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மும்பையின் பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, அவற்றின் கிடங்குகள் அலுவலகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் மாறியிராவிட்டால், இப்படியோர் அரங்கு நகருக்குக் கிடைத்திருக்காது. மாட்டுங்காவிலிருந்து நண்பர்களோடு போயிருந்த நாளில், வட்ட வட்டமான இருக்கைக் குழிகளில் ஒன்றில் அமர்ந்தபோது, மேடையை யார் தலையும் மறைக்கவில்லை என்பதே எனக்கு முதல் வியப்பு (நுழைவுக் கட்டணம் இரண்டாவது). மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களின் அருகே ஒலியைக் கட்டுப்படுத்தும் அமைதி மண்டல விதிகளால் மும்பையின் ரங்பவன் திறந்தவெளி அரங்கில் கச்சேரிகள் நின்றுபோயிருந்த நிலையில், சொந்தப் பாட்டு எழுதும் குழுக்களுக்கு இந்த மேடை எவ்வளவு தேவையாக இருந்தது என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.